தேரையின் தலைப்பிரட்டை

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலம், சிரம்பான் மாவட்டத்துச் செண்டாயான் வட்டாரத்தில் பால்மரக் காடுகளும் செம்பனைத் தோட்டங்களும் நெடுங்காலமாக உண்டு. இப்படிப்பட்ட தோட்டப்புறங்களின் வடிகால்களான அல்லூர்களிலும் வண்டித்தடப் பள்ளங்களிலும், நல்ல மழை பெய்த சில நாளில் கரிய சிற்றுயிர்கள் திரள் திரளாக நெளியும். இவை பெரும்பாலும் ஆசியப் பொதுத் தேரையின் தலைப்பிரட்டைகள். மலாய்க்காரர்கள் தாய்த் தேரையைக் கோடோக் பூரு என்றும் குஞ்சைப் பெருடு என்றும் சொல்வார்கள். இயற்கையியலாளர் ஷ்னைடர் 1799இல் இத்தேரையை முதன்முதலாக விவரித்தார். இன்றைய அறிவியல் பெயர் டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். 2006இல் உருவாக்கப்பட்ட இப்பேரினத்தின் பெயர், இந்தியத் தவளையியல் அறிஞர் சுசில் குமார் தத்தாவைச் சிறப்பிப்பது. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடங்கித் தென்சீனா, இந்தோனேசியா வரை இவ்வினம் பரவியுள்ளது.

தென்னிந்தியாவில் பருவமழையை ஒட்டியே இத்தேரை பெரிதும் முட்டையிடும். ஆண்டு முழுதும் மழை காணும் மலாயாத் தீபகற்பத்தில் எந்த மாதத்திலும் இதன் குஞ்சுகளைப் பார்க்கலாம். பெண் தேரை தேங்கிய நீரிலோ மெதுவாக ஓடும் நீரிலோ பல்லாயிரம் முட்டைகளை இடும். வழுவழுப்பான நீண்ட சரங்களுக்குள் கருமுட்டைகள் வரிசையாகத் தெரியும்; சரங்கள் புல்லிலும் வேரிலும் சுற்றிக்கிடக்கும். வெப்பமான நீரில் ஓரிரு நாளிலேயே குஞ்சு வெளிவந்துவிடும்.

முழு வளர்ச்சியிலும் தலைப்பிரட்டை வாலோடு சேர்த்து ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமே இருக்கும். உடல் முட்டை வடிவம், நிறம் ஒரே கருமை. வாலின் தசைப்பகுதியும் கருப்புதான். அதன் மேலும் கீழும் உள்ள துடுப்புச் சவ்வு மட்டும் கண்ணாடிபோல் தெளிவானது. வாய் வழியாக உள்ளே போன நீர் உடலின் இடப்பக்கத்திலுள்ள ஒரே துளை வழியாக வெளியேறும். வாய் அடிப்புறம் நோக்கியது. அதில் கொம்புபோல் கடினமான அலகும், அலகுக்கு மேலே இரண்டு, கீழே மூன்று என நுண்பல் வரிசைகளும் உண்டு. கல்லிலும் மட்கிய இலையிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்ன ஏற்ற வாய் இது.

தோட்டத்து நீரில் வேறு தவளைக் குஞ்சுகளும் வாழ்வதால் அடையாளம் காண்பதில் கவனம் வேண்டும். மூக்கு நுனியில் வெள்ளிப் புள்ளி மின்னினால் அது மரத்தவளை இனமான பாலிபெடேட்ஸ் லூக்கோமிஸ்டாக்ஸின் குஞ்சு. உடல் ஊடுருவித் தெரிய, புனல் வாயை மேலே திறந்து நீர்மட்டத்தில் மிதந்து உண்பது மைக்ரோஹைலா ஹேமோன்சி என்ற சிறுதவளையின் குஞ்சு. தேரைக் குஞ்சோ தரையை ஒட்டி, கூட்டமாகவே மேயும்.

இந்தக் கூட்டத்தைத்தான் இவ்வுயிரின் மிகச் சிறந்த பண்பு என்று சொல்ல வேண்டும். ஒரே திசையில் நகரும் கரும்படலம் தற்செயலாகக் கூடியதன்று. தார்வாடிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் சைதாப்பூரும் கிரீஷும் நடத்திய ஆய்வுகள், இவ்வினக் குஞ்சுகள் தம்முடன் பிறந்தவற்றைப் பிரித்தறிந்து அவற்றோடு சேர்வதைக் காட்டின. உடன்பிறந்ததை அறிய உதவுவது நீரில் கரைந்த வாசனை. வெறும் சேற்றுப் புழுவாக நாம் எண்ணிக் கடந்துபோகும் ஓர் உயிரிடம் இத்தனை நுண்ணிய உறவறிவு இருப்பது வியப்புக்குரியது. தேரையின் நஞ்சு முட்டையிலேயே இருப்பதால் அதை உண்பது மனிதருக்கும் ஆபத்து. நஞ்சும் கசப்பும் உள்ள தேரைக் குஞ்சுகளைப் பல மீன்கள் தொடுவதில்லை. கருமை நிறமும் கூட்டமும் சேர்ந்து, ஒருமுறை சுவைத்த எதிரிக்கு நல்ல எச்சரிக்கையாகலாம். ஆயினும் தும்பியின் இளம்புழுவும், ஊனுண்ணும் பெருந்தவளைக் குஞ்சும் இவற்றை வேட்டையாடுகின்றன.

முதலில் பின்கால், பிறகு முன்கால், கடைசியில் வால் உடலுக்குள் உள்வாங்கப்படுதல் என்பது உருமாற்றத்தின் ஒழுங்கு. வெப்பநிலையையும் உணவையும் பொறுத்து ஏறத்தாழ ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதலாகும். நீர் வற்றத் தொடங்கினால் குஞ்சுகள் சீக்கிரமே கரையேறும். ஆனால் அளவில் சிறுத்துவிடும். கரையேறும் குட்டித் தேரை ஒரு செ.மீ.கூட இராது. சில வாரமே நிற்கும் குட்டையில்கூட ஒரு தலைமுறையை வளர்த்துவிடும் இத்திறனால், மனிதர் மாற்றியமைத்த நிலமெங்கும் இவ்வினம் செழிக்கிறது. 2014இல் மடகாஸ்கரின் டோமாசினா துறைமுகப் பகுதியில் அயல் இனமாகக் கண்டறியப்பட்டதும் இதே தேரைதான். உள்ளூர் விலங்குகளுக்கு அதன் நஞ்சு பழக்கமில்லாததால் அங்கே கவலை பெரிது.

மலாயாத் தீபகற்பத்தின் காட்டோடைகளில் வாழும் ஆன்சோனியா தேரைகளின் குஞ்சுகள் முற்றிலும் வேறு. பெரிய உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு அவை விசைநீரில் வாழ்கின்றன. காடு அழிந்து ஓடை கலங்கினால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. அல்லூரில் அவை பிழைக்கா.

தோட்டத்து அல்லூரில் பிழைக்கும் பொதுத் தேரைக் குஞ்சுக்கும் பாதுகாப்பு நிச்சயமில்லை. களைக்கொல்லியான கிளைபோசேட்டோடு கலக்கும் சில ஒட்டுப்பொருள்கள், அம்மருந்தைவிடத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடியவை என ஆய்வுகள் காட்டியுள்ளன. மருந்தடிப்பவர்களுக்கே தீங்கு செய்த மற்றொரு களைக்கொல்லியான பேராகுவாட்டை மலேசியா 2020 சனவரி 1 முதல் தடை செய்தது. அல்லூர் ஓரத்தில் சில அடி அகலத்துக்கு மருந்தடிக்காமல் விடுவது எளிது. எந்தத் தோட்டமும் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது. செண்டாயானில் தோட்டங்கள் புதுநகரத்துக்கு வழிவிட்டுவரும் இந்நாளில், சிமெண்டு வடிகாலில் மழைநீர் தேங்காமல் பாய்ந்துவிடும். அந்த வேகத்தில் முட்டைச் சரமும் நிற்பதில்லை.