கிள்ளானிலிருந்து அக்ரன், அக்ரனிலிருந்து கிள்ளான்

கிள்ளான் கழிமுகத்தில் சியாக்காப், அதாவது கொடுவா மீனுக்குத் தூண்டில் வீசுகிறவர்களின் பெட்டியைத் திறந்தால் விரல் நீளத்தில் வழவழப்பான மீன்குஞ்சுகள் கிடக்கும். சாஃப்ட் பிளாஸ்டிக் இரைகள். வாலைப் பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இவற்றின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் நம் பாட்டன் பாட்டி வேலை செய்த ரப்பர் தோட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கதை சொல்ல முடியாது.

விடியற்காலைப் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்து, பால்மரம் வெட்டி, மங்கு என்ற கோப்பையில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றித் தோளில் காண்டாக் கம்பு போட்டுச் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உறையவைத்துப் புகைக்கூட்டில் உலர்த்திய ஷீட்டுகள் ரயிலேறின. கோலாலம்பூர்ப் பாதை பிரிக்ஃபீல்ட்ஸைக் கடந்து, 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாமுக்குப் போனது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். மலாயா ரப்பரை அதிகம் வாங்கிய நாடு அமெரிக்கா. அங்கே டயருக்குப் பேர்போன நகரம் ஒஹாயோவின் அக்ரன். குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் மூன்றும் அங்கே வளர்ந்தவை.

1926இல் குட்ரிச் வேதியியலாளர் வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். யாரும் மதிக்காத பிவிசி என்ற பிளாஸ்டிக்கை, எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். ஆறியதும் கிடைத்தது ஜெல்லிபோல் வளைந்து நீளும் ஒரு பொருள். பசையாக அது உதவவில்லை, ஆனால் மென்மையான பிவிசி பிறந்துவிட்டது. 1949இல் அதே அக்ரனில் நிக் கிரீம் என்பவர் மனைவி காஸ்மாவோடு வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கை உருக்கி, மண்புழு வடிவ அச்சில் ஊற்றினார். மீன்கள் அதை நம்பின. தோட்டத்து ரப்பர் போய்ச் சேர்ந்த ஊரில், ரப்பரைச் சுற்றி நடந்த ஆராய்ச்சியின் கிளையிலிருந்து முளைத்த புழு, பல கைகள் மாறி இன்று கிள்ளானின் மீன்பிடிச் சாமான் கடைகளில் தொங்குகிறது.

இன்றும் செய்முறை பெரிதாக மாறவில்லை. பிவிசித் தூளை மிருதுவாக்கும் எண்ணெயில் கலந்தால் பால்போன்ற திரவம் கிடைக்கும். பெயர் பிளாஸ்டிசால். சுமார் 175 டிகிரி செல்சியஸில் அது தெளிந்து கூழாகும், அச்சில் ஊற்றி ஆறவிட்டால் மீன்.

ஏர்பிரஷ் பிடித்து அதற்கு வண்ணம் தீட்ட வருகிறவரைத் தடுப்பதும் அந்த எண்ணெய்தான். அது உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். சாதாரண அக்ரிலிக் அதன்மேல் பிடிக்காது. முதல் இழுப்பிலேயே வெடித்து உரியும். எனாமல் பூசினால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். சாஃப்ட் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கப்படும் வினைல் பெயிண்டை வாங்குங்கள். அதன் கரைப்பான் மேற்பரப்பைச் சற்றே இளக்கி நிறத்தைப் பிணைக்கும். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஏர்பிரஷும் அதற்குக் காற்று தரும் கம்பிரசரும் பிளாஸ்டிக் மாடல் கடைகளிலேயே கிடைக்கும். 0.3 மில்லிமீட்டர் முனை போதும், மினுமினுப்புப் பொடிக்கு 0.5 வேண்டும். இரையைச் சவர்க்காரத்தில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். 20 பிஎஸ்ஐ அளவில், பனி படிவதுபோல் மெல்லிய பூச்சுகளாகத் தெளியுங்கள். முதலில் வயிற்றின் வெள்ளை, பிறகு விலாவின் நிறம், கடைசியில் முதுகின் கருமை. வலைத்துணியை இறுக்கிச் சுற்றித் தெளித்தால் செதில் விழும். இங்குள்ள ஈரக்காற்றில் ஹோஸ் குழாய்க்குள் நீர் கோத்து, துளியாகத் தெறித்து வேலையைக் கெடுக்கும். நீர்பிடிப்பான் இல்லாத கம்பிரசரை இந்த ஊரில் வாங்கவே கூடாது. மழை நாளில் பூச்சு வெளுத்தும் போகும், அன்று வேலையைத் தள்ளிவையுங்கள்.

கரைப்பான் ஆவி நுரையீரலுக்கும் நரம்புக்கும் கேடு. தூசு முகமூடி அதைத் தடுக்காது. ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியோடு, திறந்த இடத்தில், நெருப்புப் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஃபிளாட்டின் மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

கிள்ளான் ஆறு கலங்கல் ஆறு. அதில் மெல்லிய புள்ளி வேலைப்பாடு மீனின் கண்ணுக்கு எட்டாது. பளிச்சென்ற மஞ்சள்பச்சை, வெள்ளை, அல்லது முழுக் கறுப்பு எடுபடும். நுணுக்கமான வேலையைப் பழைய ஈயச்சுரங்கக் குட்டைகளின் தெளிந்த நீருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. கிழிந்த இரையை ஆற்றில் எறியாதீர்கள். பிவிசி மக்காது, விழுங்கிய மீனின் வயிற்றில் ஊதித் தங்கிவிடும். சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். வார்க்கிறவர்களிடம் கொடுத்தால் உருக்கி இன்னொரு மீனாக்கித் தருவார்கள்.