உறைந்த ஏரியின் மேல் ஓடிய லாரிகள்

தண்ணீரைக் கடக்க வேண்டுமாயின் தோணி வேண்டும், அல்லது பாலம் வேண்டும். காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் வளர்ந்தவர்கள் அறிந்த வழி இவ்விரண்டே. அதே தண்ணீர் கல்லாய் இறுகி, சரக்கேற்றிய லாரியைத் தாங்கும் என்று சொன்னால் ஊரிலுள்ள நம் பாட்டிமார் அதனைக் கதையென்றே கொள்வர். தொழிலின் பொருட்டுச் சிம்லாவிலும் ஸ்ரீநகரிலும் லேயிலும் தவாங்கிலும் வாழ்கின்ற தமிழர்களுக்கோ இது புதுமையன்று. மார்கழியும் தையும் வந்துவிட்டால், பனி படர்ந்த சாலையில் காய்கறி ஏற்றிய சிறு லாரி பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதை அவர்கள் கண்டிருப்பர். சிலர் அவ்வண்டியை ஓட்டியும் இருப்பர்.

பனியின் மேல் சிறு லாரியை ஓட்டும் கலையை மனிதர் பல நாடுகளில் பயின்றிருக்கின்றனர். ஆயினும் உயிரைப் பணயமாக வைத்து, ஒரு மாநகரத்தின் பசியைத் தோளில் சுமந்து அதனைப் பயின்ற இடம் ஒன்று உண்டு. அது ருஷ்ய நாட்டின் லதோகா ஏரி. காலம் 1941ஆம் ஆண்டின் பனிக்காலம்.

அந்நாளில் லெனின்கிராட் என்று வழங்கிய நகரம் இன்று பழையபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயருடன் விளங்குகின்றது. 1941 செப்டம்பர் 8ஆம் நாள் ஜெர்மானியப் படை ஷ்லிஸ்ஸெல்பர்க் நகரைக் கைப்பற்றவே, லெனின்கிராடுக்குச் செல்லும் தரைவழி யாவும் அடைபட்டன. எஞ்சியது கிழக்கே கிடந்த லதோகா ஏரி மட்டுமே. நீர் உறையும் வரை படகுகள் உணவு கொணர்ந்தன. நீர் உறையத் தொடங்கியதும் அவையும் நின்றன. நவம்பர் 20ஆம் நாள் ரொட்டிப் பங்கீடு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 250 கிராம், ஏனையோருக்கும் குழந்தைகளுக்கும் 125 கிராம் என்று குறைக்கப்பட்டது. அந்த ரொட்டியும் முழுத் தானியத்தால் ஆனதன்று, கலப்படம் நிறைந்தது.

லதோகா ஐரோப்பாவிலேயே பெரிய ஏரி. பரப்பு ஏறத்தாழ 17,700 சதுர கிலோமீட்டர். வடக்கே மிக்க ஆழமுடையது. தெற்கே உள்ள விரிகுடாவோ ஆழம் குறைந்தது. ஆதலால் அங்கேதான் பனி முந்தி உறையும். மேற்குக் கரையில் கொக்கொரெவோ என்னும் சிற்றூர், கிழக்குக் கரையில் கொபொனா. இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நவம்பர் நடுவில் போர் வீரர் சிலர் கயிற்றால் ஒருவரை ஒருவர் பிணைத்துக்கொண்டு, கையில் கடப்பாரை ஏந்தி, அடிக்கொரு துளையிட்டுப் பனியின் கனத்தை அளந்தவாறு அக்கரை நோக்கி நடந்தனர்.

அவர்கள் கையில் இருந்த கணக்கு எளியது. குதிரை ஒன்று தனியே நடக்கப் பனி 10 சென்டிமீட்டர் கனமாக இருத்தல் வேண்டும். ஒரு டன் பாரமுள்ள சறுக்கு வண்டியை இழுத்துச் செல்லும் குதிரைக்கு 15. ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20. இந்த அளவுகளுக்காக நகரமே காத்திருந்தது. கடுங்குளிரை மக்கள் சபிப்பதுதான் வழக்கம். அவ்வாண்டு லெனின்கிராடின் அதிகாரிகள் குளிர் மிகவேண்டுமென்று விரும்பினர். நவம்பர் 20ஆம் நாள் குதிரை வண்டிகள் ஏரியில் இறங்கின. 22ஆம் நாள் அறுபது லாரிகளைக் கொண்ட முதல் வரிசை கொபொனாவுக்குப் புறப்பட்டது. பனி இன்னும் மெல்லியதாக இருந்தமையால் லாரிக்குச் சில மூட்டை மாவுக்கு மேல் ஏற்றவில்லை. பாரம் ஓரிடத்தில் அழுந்தாமல் பரவும்பொருட்டு லாரியின் பின்னே சறுக்கு வண்டியைக் கட்டி, அதிலும் மூட்டைகளை வைத்து இழுத்தனர்.

இனி, அந்த லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்க்கி நகரத் தொழிற்சாலையில் 1932 முதல் செய்யப்பட்ட அது, அமெரிக்க ஃபோர்டு கம்பெனியின் லாரி ஒன்றைப் பின்பற்றியது. ஒன்றரை டன் பாரம் சுமப்பது. ஆகவே 'ஒன்றரை' என்று பொருள்படும் 'பலுதோர்க்கா' என்பதே மக்கள் இட்ட செல்லப் பெயர். என்ஜின் ஆற்றல் 40 குதிரைத் திறன் அளவே. பின்சக்கரங்கள் மட்டுமே வண்டியை உந்தும். போர்க்காலச் சிக்கனத்தால் 1942இல் கதவுக்குப் பதில் கித்தான் துணியும், ஒற்றை முன்விளக்கும் கொண்டு, முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே இல்லாமலும் அது வெளிவந்தது. இன்று நம் மலைச் சாலைகளில் ஓடும் பிக்கப் வண்டிகளோடு ஒப்பிட்டால், அதனை லாரியென்று சொல்லவும் தயங்குவோம்.

இத்தகைய வண்டியை ஓட்டியவர்கள் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினர். சிலர் கதவைக் கழற்றியே விட்டனர். பனி பிளந்தால் வெளியே குதிப்பதற்கு அதுவே வழி. எலும்பை உறைய வைக்கும் காற்று உள்ளே வீசுமே என்றால், வீசட்டும் என்பதுதான் விடை. இக்காலத்திலும் உறைந்த ஏரியின் மேல் ஓட்டுபவர்க்கு இருக்கை வாரை அவிழ்த்து வைக்குமாறு அறிவுரை கூறுவதுண்டு. தரைச் சாலையில் அவ்வாறு செய்வது பேதைமை என்பதையும் உடனே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரங்களில் பல லாரிகள் மூழ்கின. அங்கேதான் ஒரு புதிர் தோன்றியது. மாவு மூட்டைகளால் நிறைந்து நகரத்தை நோக்கி வந்த லாரிகள் தப்பின. நோயுற்றோரையும் பசியால் மெலிந்தோரையும் ஏற்றிக்கொண்டு, எடை குறைந்து திரும்பிச் சென்ற லாரிகளோ பல வேளைகளில் பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போயின. கனமான வண்டியைத் தாங்கிய பனி, இலேசான வண்டியை ஏன் கைவிட வேண்டும்?

லெனின்கிராட் இயற்பியல் கழகத்தில் பணிபுரிந்த பாவெல் கோபெக்கோவும் நவும் ரெய்னோவும் இதனை ஆராயப் புகுந்தனர். பனித்தளம் எவ்வளவு வளைகின்றது, எப்படி அதிர்கின்றது என்பதைத் தானே பதிவு செய்யும் கருவியொன்றை அமைத்து ஏரியில் வைத்தனர். விடை கிடைத்தது. லாரி நிற்குமிடத்தில் பனித்தளம் சிறிதே குழிகின்றது. லாரி நகர்ந்தால் குழியும் உடன் நகர்கின்றது. அதற்கேற்பக் கீழேயுள்ள நீரில் அலை எழுகின்றது. அலைக்கு நீரின் ஆழத்தைப் பொறுத்த இயல்பான வேகம் ஒன்றுண்டு. பத்து மீட்டர் ஆழமாயின் அது மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். லாரியும் அதே வேகத்தில் ஓடினால், ஊஞ்சலை உரிய தருணத்தில் தள்ளத் தள்ள வீச்சுப் பெருகுவதுபோல, பனியின் வளைவும் பெருகிப் பெருகி, முடிவில் தளம் வெடிக்கின்றது. பாரம் நிறைந்த லாரி அந்த வேகத்தை எட்டவில்லை, ஆகையால் பிழைத்தது. இலேசான லாரி விரைந்தது, விரைந்ததால் மாண்டது.

இக்கண்டுபிடிப்பு ஆய்வேட்டில் உறங்கவில்லை, சாலை விதியாயிற்று. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓட்டக் கூடாது. ஒரு லாரியை மற்றொரு லாரி முந்தக் கூடாது. இரண்டின் அலைகளும் கூடினால் தீங்கு இருமடங்கு. வண்டிகளுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும். போவதற்கு ஒரு தடம், வருவதற்கு வேறு தடம். பனி நைந்த தடத்தைக் கைவிட்டுப் பக்கத்தில் புதுத் தடம் அமைத்தனர். காற்றின் விசையால் நெடுந்தூரம் விரிசல் கண்ட இடங்களில் மரப்பலகைப் பாலங்களைக் கொணர்ந்து போட்டனர். சில நூறு மீட்டருக்கு ஒருவராக வழிகாட்டும் காவலர் நின்றனர்; அவர்களுள் பெண்கள் பலர். இரவு முழுதும் கையில் விளக்குடன், குண்டு வீச்சுக்கும் பனிப்புயலுக்கும் இடையே அவர்கள் நின்ற நிலையை எண்ணுந்தோறும், லாரி ஓட்டியவர்களின் வீரத்தை மட்டும் பாடுவது நேர்மையாகாது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கனடா நாட்டின் வடகோடியில், உறைந்த ஏரிகள் பலவற்றின் மேல் 1982 முதல் ஆண்டுதோறும் அமைக்கப்பட்டுவரும் சுரங்கச் சாலையிலும், பாரமேற்றிய லாரிகள் பனியின் மேல் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்பது விதி. நாடு வேறு, லாரி வேறு, அலை ஒன்றுதான்.

ஏரியை விட்டு மலைச்சாலைக்குச் சற்றே வருவோம். அங்கே அடியில் பாறை இருக்கின்றது. தளம் உடையும் அச்சமில்லை. இருப்பினும் வேகமே அங்கும் பகை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை அழுத்திய பின் உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 30 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேல் வேண்டும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அப்பனிக்கட்டி படர்ந்திருந்தால், பிரேக் பிடித்தும் வண்டி நிற்காது. கடுங்குளிரில் இறுகிய பனியைவிட, உருகும் நிலையிலுள்ள பனி மேலும் வழுக்கும். பகல் வெயிலில் உருகி மாலையில் மீண்டும் உறையும் வளைவுகளிலும், அடியில் காற்று வீசுவதால் முந்திக் குளிரும் பாலங்களிலும் மிக்க விழிப்பு வேண்டும்.

1904இல் அமெரிக்காவில் ஹாரி வீட் என்பவர் சக்கரத்தில் பூட்டும் இரும்புச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் ஓட்டிகள் சக்கரத்தில் கயிற்றையும் கொடியையும் சுற்றினர். சங்கிலி பனியைக் கவ்வும். வண்டி புறப்படவும் நிற்கவும் துணை செய்யும். நாற்சக்கர உந்துதலோ புறப்படுவதற்கு மட்டுமே உதவும், நிறுத்துவதற்கு உதவாது. இவ்வேறுபாட்டை அறியாமல், ஏற்றத்தில் எளிதாக ஏறிய வண்டியை நம்பி இறக்கத்தில் விரைபவர் பலர். பின்சக்கரம் உந்தும் பிக்கப் வண்டி காலியாக இருக்கும்போது பின்புறம் எடையின்றி வாலாட்டும். அதனால் பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளை வைத்து இறுகக் கட்டுவது பனிநாட்டு வழக்கம். வண்டி சிக்கிக்கொண்டால் அம்மணலே சக்கரத்தின் கீழ் தூவவும் உதவும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குவதும், பிரேக்கையும் திருப்பு சக்கரத்தையும் திடீரென்று இயக்காமலிருப்பதும் லதோகாவில் ஓட்டியவர்களும் அறிந்திருந்த பழைய பாடங்களே.

அவ்வேரிச் சாலை அந்த ஒரு பனிக்காலத்தில் நகரத்துக்குக் கொணர்ந்த சரக்கு 3,61,000 டன்னுக்கு மேல். வெளியேற்றிய மக்கள் 5,50,000க்கு மேல். டிசம்பர் 25ஆம் நாள் ரொட்டிப் பங்கீடு 125 கிராமிலிருந்து 200 ஆகவும், தொழிலாளிக்கு 350 ஆகவும் உயர்ந்தது. ஆயினும் பல இலட்சம் பேரைப் பசி கொண்டுபோயிற்று. லாரிகள் கொணர்ந்தது போதவில்லை. கொணராதிருந்தால் நகரமே எஞ்சியிராது. நாளுக்கு இருமுறை ஏரியைக் கடப்போம் என்று ஓட்டுநர்கள் தமக்குள் உறுதி பூண்டு, உறக்கம் துறந்து ஓட்டினர்.

1942 ஏப்ரலில் வெயில் ஏறியது. பனியின் மேல் நீர் தேங்கி, லாரிகள் பாதிச் சக்கரம் மூழ்க நீரைக் கிழித்துக்கொண்டு சென்றன. மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவே நைந்துகொண்டிருந்த பனித்தளம். சாலையை மூட வேண்டிய வேளை வந்த பின்னும் சில நாட்கள் ஓட்டம் நிற்கவில்லை. ஏப்ரல் 24ஆம் நாள் அது முற்றிலும் நின்றது. எலும்பும் ஈறும் தளர்ந்து நோயுற்றிருந்த நகரத்துக்கு அக்கடைசி நாட்களில் லாரிகள் ஏற்றி வந்த சரக்குகளுள் ஒன்று வெங்காயம்.