கொலுசு மேற்பூச்சு

கொலுசு மேற்பூச்சு என்பது வெள்ளிக் கொலுசின் நிறத்தையும் பளபளப்பையும் காக்க இடப்படும் மெல்லிய படலம். சேலத்தின் சூரமங்கலம், சிவதாபுரம், செவ்வாய்ப்பேட்டை வட்டாரங்களில் கொலுசு செய்தல் பட்டறைத் தொழிலாக நடைபெறுகிறது. ரோடியம், தங்க முலாம், எனாமல் ஆகியவை மேற்பூச்சின் முக்கிய வகைகள்.

காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி சல்பைடாகிக் கருக்கிறது. ரோடியம் இதைத் தடுக்கிறது. ஆயினும் பூச்சின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது உராய்வே. ரிவால்வரின் பூச்சு தோலுறையில் உரசும் விளிம்புகளில் முதலில் தேய்வதுபோல, கொலுசிலும் வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்களிலும் திருகாணியிலும் அடி வெள்ளி முதலில் வெளிப்படுகிறது. கனமாகப் பூசினால் தீராதா என்று கேட்கலாம். ரோடியப் படலம் மிகவும் தடித்தால் உள்தகைவால் வெடிக்கும். ஆகவே முலாம் நிரந்தரக் காப்பு அன்று. தேய்ந்தபின் மீண்டும் இடவேண்டியது.