கோடு போட்ட காகிதம் காணாமல் போன கதை

பில் புத்தகம் அச்சடித்து வைத்திருக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. முகவரி மாறினாலோ வரி மாறினாலோ மீதிக் கட்டு பழைய பேப்பர் கடைக்குத்தான்! அலுவலகத்துக்குக் கணினி வந்தும் இந்தக் கவலை தீரவில்லை. கோடு, கட்டம், கம்பெனி பெயர் எல்லாம் அச்சகத்திலிருந்தே வரும். கணினி அதன்மேல் எண்களை மட்டும் அடிக்கும்.

ஐபிஎம் 1975ல் அறிவித்த 3800 லேசர் பிரிண்டரில் இதற்கு ஒரு வேடிக்கையான வழி இருந்தது. படிவத்தை பிலிம் நெகட்டிவாக எடுத்து இயந்திரத்துக்குள் செருக வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விளக்கு மின்னி, கோடுகளை டிரம்மில் பதிக்கும். எண்களை லேசர் எழுதும். வேறு படிவம் வேண்டுமா? ஆள் போய் நெகட்டிவை மாற்ற வேண்டும். (பாதி கணினி, பாதி போட்டோ ஸ்டூடியோ!)

உண்மையான திருப்பம் 1977ல் வந்த ஜெராக்ஸ் 9700. நிமிடத்துக்கு 120 பக்கம் அடிக்கும் ராட்சசன் அது. இதில் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிரல் போல எழுதிக் கொடுக்கலாம். பிரிண்டர் அதைத் தன் டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளும். படிவம் என்பது காகிதம் இல்லை, ஒரு கோப்பு என்று ஆனது இப்படித்தான்.

ஆனால் அது பெரிய நிறுவனங்களுக்கான இயந்திரம். சின்ன அலுவலகத்துக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது எச்.பி. 1985ல் வெளியிட்ட லேசர்ஜெட் பிளஸ். அதன் பிசிஎல் மொழியில் 'மேக்ரோ' என்று ஒன்று உண்டு. படிவத்தை வரையும் கட்டளைகளை ஒரு எண் கொடுத்து ஒரே ஒரு முறை பிரிண்டருக்கு அனுப்பினால் போதும். பிறகு அந்த எண்ணைச் சொன்னாலே ஒவ்வொரு பக்கத்திலும் படிவம் தானாக விழும். தற்காலிக மேக்ரோ, பிரிண்டரை ரீசெட் செய்தாலே அழிந்துவிடும். 'நிரந்தர' மேக்ரோ அதற்குத் தப்பும், ஆனால் மின்சாரம் போகும் வரை மட்டுமே. நல்ல நிரந்தரம்!

1991ல் லேசர்ஜெட் 3எஸ்ஐ நேரடியாக நெட்வொர்க்கில் சேர்ந்தபோது இது பெரிய தலைவலியானது. ஒரே பிரிண்டர், பல பேர். யாரோ ஒருவர் அணைத்துப் போட்டால், அடுத்து வரும் பில் வெள்ளைத்தாளில் வெறும் எண்களாக வரும். இரண்டு துறைகள் ஒரே மேக்ரோ எண்ணைப் பயன்படுத்தினால், கணக்குப் பிரிவின் பில் கிடங்கின் படிவத்தில் விழும். அதனால்தான் சிலர் ஒவ்வொரு வேலையோடும் படிவத்தையும் சேர்த்தே அனுப்பினார்கள். வேறு சிலர் பிரிண்டரின் ஹார்டு டிஸ்கில் சேமித்தார்கள்.

வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. வரிசை எண் போட்ட படிவக் கட்டு பீரோவில் பூட்டியிருந்தவரை, ஒரு தாள் குறைந்தாலும் தணிக்கையாளர் கேட்பார். படிவம் பிரிண்டருக்குள் போன பிறகு பீரோவில் இருப்பது வெற்றுத்தாள். அதை எண்ணி என்ன பயன்? படிவக் கோப்பை யார் மாற்றலாம், யார் அச்சடிக்கலாம் என்றுதான் அவர் கேட்டாக வேண்டும்.