குவளை வைத்தியத்தின் வரலாறு

நோவு மனிதனுடன் கூடப்பிறந்தது. நோவைத் தணிக்கும் முயற்சியும் அவ்வாறே. உடம்பில் எங்கேனும் வலி தோன்றினால் கை தானாகவே அவ்விடத்துக்குச் செல்கின்றது. தேய்க்கின்றது, பிடித்துவிடுகின்றது, ஒற்றடம் கொடுக்கின்றது. இவை யாவும் உடம்பை அமுக்கும் முறைகள். இவற்றுக்கு நேர்மாறாக, நொந்த தசையை மேலே இழுத்தெடுக்கும் முறை ஒன்றும் உண்டு. கிண்ணம் ஒன்றின் உள்ளே சிறிது தீயைக் காட்டி, உடனே அதைத் தோலின்மேற் கவிழ்த்துவிட்டால், கிண்ணம் தோலை இறுகப் பற்றிக்கொள்ளும். தோல் குமிழ்போல் உள்ளே எழும்பும். சில நிமிடங்களின் பின் கிண்ணத்தை எடுத்தால், செந்நீல நிறமான வட்டத் தடம் ஒன்று அங்கே நிற்கும். இதுவே குவளை வைத்தியம். நாரிநோவு, பிடரிநோவு, தோட்பிடிப்பு முதலிய நாட்பட்ட நோவுகளுக்கு உலகின் பல தேசங்களில் வைத்தியரிடத்தும் வீட்டிலும் கையாளப்பட்டுவந்த முறை இது. இதன் வரலாற்றை அறிவது, மனித அறிவு எவ்வாறு முன்னேறியது, எங்கே இடறியது என்பதை அறிவதுமாகும்.

முதற் குவளைகள் கண்ணாடியாலோ உலோகத்தாலோ ஆனவையல்ல. விலங்கின் கொம்பும் காய்ந்த சுரைக்காயுமே. இவ்வுண்மையை மொழிகளே சான்றாக நின்று கூறுகின்றன. பழைய கிரேக்க மொழியில் சுரை இனத்துக் காயைக் குறித்த சொல்லே இக்கிண்ணத்துக்கும் பெயராயிற்று. உரோமரின் இலத்தீன் மொழியிலும் அவ்வாறே. இவர்களுக்கு வெகு தொலைவிலிருந்த பாரத நாட்டின் வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதையும் குருதி வாங்கும் கருவிகளாகக் கொம்பு, அட்டை, சுரைக்குடுவை ஆகிய மூன்றையும் எடுத்தோதுகின்றது. வாதத்துக்குக் கொம்பு, பித்தத்துக்கு அட்டை, கபத்துக்குச் சுரை என்பது அந்நூலின் வகுப்பு. கொம்பை வாயால் உறிஞ்சினர். சுரையினுள்ளே சுடர் வைத்தனர். சீன தேசத்தில் மவாங்துய் என்னும் இடத்திலே, கி. மு. 168 ஆம் ஆண்டில் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973 இல் அகழப்பட்டபோது கிடைத்த பட்டுச்சுவடியிலும் கொம்பு வைத்து உறிஞ்சும் சிகிச்சை கூறப்பட்டுள்ளது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனரோ, ஒரே தேவை ஒரே வழியைத் தனித்தனியே காட்டிற்றோ, கைக்கெட்டிய எளிய பொருளிலிருந்தே இவ்வைத்தியம் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

இம்முறையை நுணுகி ஆராய்ந்தோருள் முன்னிற்பவர் கிரேக்கர். கி. மு. ஐந்தாம் நூற்றாண்டிற் பிறந்த இப்போகிரேற்றிசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியிலே, அகன்று பின் ஒடுங்கிச் செல்லும் வடிவமுள்ள பாத்திரமே நன்கு இழுக்கும் என்று காரணங் காட்டப்படுகின்றது. கிரேக்க நாட்டில் இக்குவளை வைத்தியத் தொழிலின் சின்னமாகவே மதிக்கப்பட்டது. அதென்சு நகரத்து வைத்தியர் யேசன் என்பவரின் நினைவுக்கல் இன்று இலண்டன் பிரித்தானிய அரும்பொருட்சாலையில் உள்ளது. அதிலே வைத்தியர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கின்றார். பக்கத்திலே குவளை ஒன்று அளவிறந்து பெரிதாகச் செதுக்கப்பட்டுள்ளது. இன்னார் வைத்தியர் என்று காட்ட அவ்வொரு சின்னமே போதுமாயிருந்தது.

உரோமர் காலத்தில், கி. பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சசு என்பார் வெண்கலக் குவளை, கொம்புக் குவளை என இரு வகை கூறினார். வெண்கலத்தினுள்ளே எரியும் துணித்திரியை இட்டுக் கவிழ்க்கவேண்டும். கொம்பின் நுனியில் சிறு துளை இருக்கும்; அதன் வழியே வாயால் காற்றை உறிஞ்சிவிட்டு மெழுகால் அடைக்கவேண்டும். தோலைக் கீறிவிட்டு வைத்தால் குருதி வரும். கீறாமல் வைத்தால் வாயு வரும் என்பது அவர் கருத்து. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேய் நகரத்திலிருந்து அக்காலத்து வெண்கலக் குவளைகளே மீட்கப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு வினா எழுகின்றது. குவளை தோலை இழுப்பது ஏன்? தீக்கு இழுக்கும் வல்லமை உண்டு என்றனர் சிலர். வெற்றிடத்தை இயற்கை பொறாது என்றனர் வேறு சிலர். சரியான விடை கிடைக்க உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. 1643 இல் இத்தாலியரான தொரிசெல்லி இரசக் குழாயைக் கொண்டு காற்றுக்கு அமுக்கம் உண்டெனக் காட்டினார். அதன் பின்னரே விளக்கம் எளிதாயிற்று. தீயின் வெப்பத்தால் கிண்ணத்துக் காற்று விரிந்து ஒரு பகுதி வெளியேறுகின்றது. கவிழ்த்தவுடன் தீ அணைந்து, எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகின்றது. உள்ளே அமுக்கம் குறைகின்றது. வெளியே உடம்பெங்கும் காற்றின் அமுக்கம் குறையாதிருப்பதால், தசை அமுக்கம் குறைந்த கிண்ணத்தினுள்ளே தள்ளப்படுகின்றது. இழுப்பது கிண்ணமன்று, தள்ளுவது காற்று. கைகள் ஈராயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்ததன் காரணத்தை அறிவு பின்னரே வந்து கண்டுகொண்டது.

அராபியர் இவ்வைத்தியத்தை ஹிஜாமா என்றனர். உறிஞ்சுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த சொல் அது. ஒன்பதாம் நூற்றாண்டிலே இமாம் புகாரி தொகுத்த நபிமொழித் தொகுப்பில், மருத்துவம் பற்றிய பகுதியில் இது சிறப்பாக இடம்பெற்றுள்ளது. இதனால் முஸ்லிம் மக்களிடையே இது வைத்தியமாக மட்டுமன்றி மதிப்புக்குரிய வழக்கமாகவும் நிலைபெற்றது. ஸ்பெயின் தேசத்துக் கொர்தோவா நகரைச் சார்ந்து வாழ்ந்த சத்திரவைத்திய மேதை அல்-சஹ்ராவி, குவளை வைக்கத்தக்க இடங்கள் பதினான்கு என வகுத்துக் கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்தார். இப்னு சீனாவின் பெருநூலும் இதற்கு இடமளித்தது.

இம்மரபுகள் இலங்கைக்கும் அந்நியமானவையல்ல. யூனானி வைத்தியம் ஹிஜாமாவைத் தன் சிகிச்சை முறைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. சித்த வைத்தியம் வகுத்த முப்பத்திரண்டு புற மருந்துகளுள் அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் என்பனவும் எண்ணப்படுகின்றன. 1929 இல் கொழும்பிலே சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டபோது ஆயுள்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்றும் அங்கு இடம்பெற்றன.

மேனாட்டில் இடைக்காலத்திலே பொதுக் குளியற்சாலைகளில் இத்தொழில் செழித்தது. வெந்நீரில் தோல் இளகியிருக்கும்போது குவளை வைப்பது எளிது. பின்லாந்து தேசத்தின் வெப்ப நீராவிக் குளியலறைகளிலே கொம்பு வைத்துக் குருதி வாங்கும் பெண்கள் அண்மைக் காலம் வரை பேர்பெற்றிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பல சிறு கத்திகளை வில்விசையால் ஒருங்கே பாயச்செய்து தோலைக் கீறும் பித்தளைப் பெட்டி வழக்கிற்கு வந்தது. 1813 இல் இலண்டனில் தோமசு மேப்பிள்சன் என்பவர் இக்கலைக்கென்றே தனிநூல் ஒன்று வெளியிட்டார். அக்காலத்து வைத்தியசாலைகளில் இதற்கெனவே தேர்ந்த தொழிலாளர் இருந்தனர்.

ஆனால், புகழின் உச்சியிலேயே சரிவும் தொடங்கிற்று. உடம்பிலே நான்கு நீர்கள் உள்ளன. அவை மிகுந்தால் நோய். மிகுந்ததை வெளியேற்றினால் சுகம் என்னும் பழங் கொள்கையை நம்பிப் பெருமளவிற் குருதி வாங்கிய காலம் அது. பரிஸ் நகரத்து வைத்தியர் பியர் லூயி இதைச் சொல்லால் மறுக்கவில்லை, எண்ணிப் பார்த்தார். நுரையீரல் அழற்சி கண்ட 77 நோயாளரை ஆராய்ந்து, நோயின் முதல் நான்கு நாள்களுள் குருதி வாங்கப்பட்ட 41 பேருள் 18 பேரும், பின்னர் வாங்கப்பட்ட 36 பேருள் 9 பேரும் இறந்தனர் எனக் கண்டார். விரைந்து குருதி வாங்கினால் உயிர் பிழைக்கும் என்ற நம்பிக்கை அவ்வெண்களின் முன் நிற்கவில்லை. 1835 இல் வெளிவந்த அவருடைய நூல் குவளையைக் குறித்து எழுதப்பட்டதன்று. ஆயினும் எந்தச் சிகிச்சையையும் எண்ணிச் சோதிக்கவேண்டும் என்னும் நெறியை அது நாட்டிற்று. பெரியார் சொன்னார், நெடுங்காலம் செய்தோம் என்பன போதிய சான்றல்ல என்ற பாடம் அன்று முதல் வைத்தியத்தின் அடிப்படையாயிற்று.

வைத்தியசாலையை விட்டு மெல்ல நீங்கிய குவளை வீட்டை விட்டு நீங்கவில்லை. போலந்து, ருஷ்யா முதலிய தேசங்களிலே சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் பல குடும்பங்களில் அலுமாரிப் பொருளாயிருந்தன. தடிமன், இருமல், முதுகுநோவு என்றால் தாயோ பாட்டியோ மதுசாரத்தில் நனைத்த பஞ்சைக் கம்பியிற் சுற்றி ஏற்றி, கிண்ணத்துக்குள் ஒரு கணம் காட்டி முதுகிலே வரிசையாகக் கவிழ்ப்பார். பின்னர் போர்வையால் மூடிவிடுவார். தோலைக் கீறிக் குருதி எடுக்கும் முறை பெரும்பாலும் பயிற்சி பெற்றவர்களுக்கே விடப்பட்டது. வீட்டில் நடந்தது கீறாத உலர் முறையே. இவ்வெல்லையைப் பேணியதில் ஒரு விவேகம் இருந்தது. அத்தேசங்களின் யூத மக்களிடையே, பயனற்ற முயற்சியைப் பிணத்துக்குக் குவளை வைத்ததற்கு ஒப்பிடும் பழமொழி வழங்கிற்று. நம்பிக்கையும் ஐயமும் ஒரே வீட்டில் குடியிருந்தன போலும்.

எல்லை மீறினால் நேரக்கூடிய கேட்டுக்கு ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் சான்று விட்டுச் சென்றார். 1929 இல் நுரையீரல் அழற்சியுடன் பரிஸ் நகரத்து இலவச வைத்தியசாலை ஒன்றிற் சேர்ந்த அவருக்கு, வேறொரு நோயாளிக்கு வைத்த அதே கிண்ணங்களைத் தூய்மை செய்யாமலே வைத்துக் குருதி எடுத்தனர். ஏழைகள் இறக்கும் விதம் பற்றி 1946 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இதனைக் காணலாம். ஒருவரது குருதி பட்ட கருவி மற்றொருவரைத் தீண்டினால் ஈரல் அழற்சி முதலிய கொடிய தொற்றுக்கள் பரவும் என்பது இன்று நன்கறிந்த உண்மை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மானிய சத்திரவைத்தியர் ஓகஸ்ட் பியர், குருதியை வெளியேற்றுவதற்கன்றி நொந்த இடத்துக்கு வரவழைப்பதற்கே உறிஞ்சு கிண்ணங்களைப் பயன்படுத்தலாம் என்றார். 2016 இல் றியோ டி ஜெனிரோ ஒலிம்பிக் போட்டியிலே அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்சின் தோளிலே வட்டத் தடங்கள் காணப்பட்டபோது, பழைய வைத்தியம் மீண்டும் உலகப் பேச்சாயிற்று. தீயின்றிக் கைப்பம்பியால் காற்றை எடுக்கும் பிளாத்திக்குக் குவளைகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன; வீட்டுப் பாவனையும் பெருகியுள்ளது.

ஆகவே, உண்மையில் இதனால் நோவு தீருமா என்ற வினாவுக்கு நடுநின்று விடை கூறுதல் வேண்டும். பிடரிநோவு, நாட்பட்ட நாரிநோவு ஆகியவற்றிலே குறுகிய காலத்துக்கு ஓரளவு தணிவு கிடைப்பதாகச் சில ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எனினும் அவற்றுட் பல சிறியவை. தன்மேல் மெய்யாகவே குவளை வைக்கப்பட்டதா என்பதை நோயாளியிடம் மறைத்தல் அரிதாகையால், தணிவு குவளையாலா நம்பிக்கையாலா என்று பிரித்தறிவது எளிதன்று. தோலில் எழும் கருஞ்சிவப்புத் தடத்தைக் கண்டு கெட்ட இரத்தம் வெளிப்பட்டது என்று மகிழ்வது தவறு. நுண்ணிய குருதிக் குழாய்கள் உடைந்து கசிந்த நல்ல இரத்தமே அது. சில நாள்களில், சிலருக்கு இரண்டு கிழமையளவில், மறைந்துவிடும்.

வீட்டில் இதனைச் செய்ய எண்ணுவோர் மனத்திற் கொள்ளவேண்டியவை சில உள. தீக் குவளையினும் கைப்பம்பிக் குவளையே பாதுகாப்பானது. மதுசாரமும் சுடரும் முதுகிற் சிந்தி வெந்துபோனோர் உண்டு. தோலைக் கீறும் முறையை வீட்டில் ஒருபோதும் செய்தலாகாது. குருதி உறையாதிருக்க மருந்து உண்போர், குருதி எளிதில் உறையாத நோயுடையோர், கர்ப்பிணிகள், மெல்லிய தோலையுடைய முதியோர் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் இதனை நாடக்கூடாது. நீரிழிவால் உணர்ச்சி மரத்தோருக்கும் இவ்விதி பொருந்தும். புண்மேலும், வீங்கிப் புடைத்த நாளத்தின்மேலும் குவளை வைத்தலாகாது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. நோவு என்பது பகையன்று. செய்தி கொண்டுவரும் தூது. நாரிநோவுடன் கால் சோர்தல், சலம் அடங்காது போதல், காய்ச்சல், உடல் மெலிதல் என்பன சேர்ந்தால், அத்தூது கூறும் செய்தி வேறு. நெஞ்சு நோவும் அவ்வாறே. அந்நேரத்தில் முதுகிலே குவளையைக் கவிழ்த்துக் காத்திருப்பது தூதின் வாயைப் பொத்துவதாகும். இழக்கும் ஒவ்வொரு நாழிகையும் உயிருக்கு விலையாகலாம்.

கொம்பும் சுரையும் தொடங்கி வைத்த இவ்வைத்தியம் பல கொள்கைகளைக் கடந்து வந்திருக்கின்றது. நான்கு நீர்களின் கொள்கை மறைந்தது. தீ இழுக்கும் என்ற எண்ணம் மறைந்தது. கிண்ணம் மட்டும் எஞ்சியது. பழமை என்பதால் அதனை வணங்கவும் வேண்டா. பழமை என்பதால் இகழவும் வேண்டா. சோர்ந்த தசைக்குச் சிறிது ஆறுதல் தருமாயின் அது நன்றே. ஆனால் நோயின் மூலத்தை ஆராய்ந்தறியும் கடமையை எந்தக் கிண்ணத்தாலும் மூடிவிட முடியாது.