இல்லாத புத்தகத்துக்கு ஒரு தோல் உறை

வாணியம்பாடியில் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரை ஹஜ்ரத் என்பார்கள். ஓய்வில் இருந்த அப்படியொரு பெரியவரிடம், அமெரிக்கப் பேய்க்கதை எழுத்தாளன் ஒருவன் கற்பனை செய்த மந்திர நூலைப் பற்றிச் சொன்னேன். அதை எழுதியவனாகச் சொல்லப்படும் அரபியின் பெயரையும் சொன்னேன்: அப்துல் அல்ஹஸ்ரெட். பெரியவர் சிரித்துவிட்டார். "இது பேரே இல்லை தம்பி. அப்துல்லுக்கு உள்ளேயே 'அல்' இருக்கு, அப்புறம் இன்னொரு 'அல்' எதுக்கு? அப்துல்னா இன்னாருக்கு அடிமைன்னு அர்த்தம். அந்த இன்னார் அல்லாஹ்வோட திருநாமமா இருக்கணும். உங்க ஆளு யாருக்கு அடிமை?"

ஐம்பது ஆண்டுகளாக மேற்கில் இந்தப் புத்தகத்தை மெய்யென்று கொண்டு சடங்கு செய்துவருபவர்களிடம் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஹெச். பி. லவ்கிராஃப்ட் (1890-1937) ஐந்து வயதில் அரபுக் கதைகள் படித்துவிட்டு விளையாட்டுக்காக ஏற்றுக்கொண்ட பெயர் அது. 1921-இல் எழுதிய கதையில் அதை ஒரு பைத்தியக்கார அரபிக்குச் சூட்டினான். 1922-இல் எழுதி 1924-இல் 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் வந்த 'த ஹவுண்ட்' கதையில் அந்த அரபி எழுதிய நூலுக்குப் பெயர் கிடைத்தது: நெக்ரோநோமிக்கான். 1927-இல் தன் உபயோகத்துக்காக அந்த நூலின் வரலாற்றையும் எழுதிவைத்துக்கொண்டான். எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸில் எழுதப்பட்டது, 950-இல் கிரேக்கம், 1228-இல் லத்தீன், 1232-இல் போப்பாண்டவரின் தடை. லத்தீனில் பெயர்த்ததாகச் சொன்ன ஒலாஸ் வோர்மியஸ் மெய்யான மனிதர், ஆனால் பதினேழாம் நூற்றாண்டு டென்மார்க்காரர். நானூறு வருஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். பொய்யில் ஒரு நிஜப் பெயர் இருந்தால் போதும், தேதியை யார் பார்க்கிறார்கள்?

ஆனால் அந்த நூலை அவன் எழுதவில்லை. எழுதச் சொன்னவர்களுக்கு மறுத்துப் பதில் போட்டான். ஜாடையாகச் சொன்னதைக் கண்டு நடுங்கியவர்கள் முழுப் புத்தகத்தைக் கண்டால் ஏமாந்துபோவார்கள் என்பது அவன் கட்சி. அவனுடைய நடை எனக்குப் பிடிக்காது. அடைமொழிகளை மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டுகிறவன். அன்னிய இனத்தார் மீது அவனுக்கிருந்த அருவருப்பும் கதைகளில் ஒளியவில்லை. பைத்தியக்காரன் ஓர் அரபியாக இருந்ததும் தற்செயல் அல்ல. என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் அவன் கலைஞன். எதை எழுதாமல் விடவேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

சிநேகிதர்களும் கூடிக்கொண்டார்கள். கிளார்க் ஆஷ்டன் ஸ்மித் ஒரு மந்திர நூலைக் கற்பித்தார், ராபர்ட் ஹோவர்ட் இன்னொன்றை. ஒருவர் கதையில் மற்றவர் நூல் மேற்கோளாக வந்தது. மூன்று பேர் தனித்தனியாகக் குறிப்பிடும் நூல் இல்லாமலா போகும் என்று வாசகனுக்குத் தோன்றிவிடும். (ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியே ஓர் இலக்கிய உலகம் இருப்பதாக நிரூபிக்கும் வித்தை நமக்கும் புதிதல்ல.)

இனி எங்கள் ஊர் விஷயம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் வட்டாரம் உட்பட மதராஸ் மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல் லண்டனுக்குக் கப்பலேறியது. அங்கே மலிவான பைண்டிங்குக்கு அதைப் பயன்படுத்தினார்கள். சந்தையில் அதன் பெயர் 'பெர்ஷியன்'. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 1901-இல் புத்தகத் தோல்களைப் பரிசோதித்த லண்டன் கலைச் சங்கத்தின் குழு, இந்தத் தோலைப் புத்தகத்துக்கு மிக மோசமானது என்று ஒதுக்கியது. வெளிச்சமும் கேஸ் விளக்கின் புகையும் பட்டால் ஐந்தாறு வருஷத்துக்கு மேல் தாங்காது; செம்பொடியாக உதிரும். காலுக்குச் செருப்பாக எத்தனையோ நாள் உழைக்கிற தோல் அலமாரியில் சும்மா இருந்து பொடியாகிறது. கிழக்கத்திப் பெயரொன்றை ஒட்டிவிட்டால் சரக்கு போகும் என்பதை வியாபாரி லவ்கிராஃப்டுக்கு முன்பே அறிந்திருந்தான்.

லவ்கிராஃப்ட் எழுதாமல் விட்ட இடத்தை 1970களில் மற்றவர்கள் நிரப்பினார்கள். 1972-இல் ஆன்டன் லவேயின் சாத்தான் சடங்கு நூலில் லவ்கிராஃப்டின் தெய்வங்களுக்கு வழிபாட்டு முறை சேர்ந்தது. எழுதியவர் மைக்கேல் அக்வினோ. அதே வருஷம் கென்னத் கிராண்ட், லவ்கிராஃப்ட் தன்னை அறியாமலே மெய்யான மறைஞானத்தைக் கனவில் தொட்டவன் என்று எழுதினார். கடவுள் நம்பிக்கையே இல்லாத லவ்கிராஃப்ட் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்! 1973-இல் டி காம்ப் ஒரு வேடிக்கை செய்தார். யாராலும் வாசிக்க முடியாத சில பக்கக் கிறுக்கலையே திரும்பத் திரும்ப அச்சடித்த புத்தகத்துக்கு, மூலப் பிரதி என்று முன்னுரை எழுதிவிட்டார். இவர்களில் இவர் ஒருவரே கண்ணைச் சிமிட்டிக்கொண்டு செய்தவர்.

1977-இல் நியூயார்க்கில் 'சைமன்' என்ற புனைபெயரில் வந்ததுதான் பரவியது. முதல் பதிப்பில் 666 பிரதிகள் தோல் பைண்டிங். 1980-இல் ஏவன் நிறுவனத்தின் மலிவுப் பதிப்பு. அதிலிருந்து விற்பனை ஓயவேயில்லை. உள்ளே இருப்பது பாபிலோனியச் சிருஷ்டிக் காவியத்திலிருந்து எடுத்த மார்துக்கின் ஐம்பது நாமங்கள், பழைய சூனிய எதிர்ப்பு மந்திரங்கள், லவ்கிராஃப்டின் பெயர்களை நினைவூட்டும் சில உச்சரிப்புகள். ஆதாரமான கிரேக்கக் கையெழுத்துப் பிரதியை யாருக்கும் காட்டவில்லை. அரபு மந்திர நூல் என்கிறார்களே, அரபி எங்கே? மெய்யான அரபு மந்திர நூல்கள் இருக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த அல்பூனியின் பெயரில் வழங்கும் 'ஷம்சுல் மஆரிஃப்' அதில் ஒன்று. இறைநாமங்களும் எண்கட்டங்களுமாக இருக்கும். எங்கள் தெருவில் குங்குமப்பூ மையில் தாயத்துக்குக் கட்டம் எழுதுகிறவர்கள் அந்த மரபின் தூரத்து உறவு. அதைச் சரி, ஹராம் என்று அவர்களுக்குள் வழக்காடிக்கொள்வார்கள். ஆனால் வழக்கு மெய்யான ஒன்றின் மீது.

நம்மிடமும் பொய்யாசிரியர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அகத்தியர் பெயரிலும் புலிப்பாணி பெயரிலும் பெரிய எழுத்தில் வந்த மாந்திரீகத் திரட்டுகளின் விருத்தங்களைப் பார்த்தாலே பிந்திய காலத்து மொழி என்று தெரியும். வசியம், மோகனம், தம்பனம் என்று மாரணம் வரை எட்டுக் கர்மங்களையும் சித்தர் வாயால் சொல்லவைத்தவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் தன் பெயரை அழித்துக்கொண்டு பரம்பரைக்குள் கரைந்தான். பாட்டு குருவிடமிருந்து சீடனுக்குப் போயிற்று, செய்து பார்த்துத் திருத்தப்பட்டது. சைமனின் நூலுக்குப் பின்னால் பரம்பரை இல்லை. பேய்க்கதை படித்த ஒருவனின் ஆசை இருக்கிறது, ஒரு கடை இருக்கிறது. மறுபக்கம், நம் பேய்க்கதைகளிலிருந்து மந்திர நூல் எதுவும் பிறக்கவில்லை. 'காஞ்சனை'யில் புதுமைப்பித்தன் திறந்து வைத்த கதவை யாரும் வந்து சாத்தவில்லை. நல்லவேளை.

1978-இல் ஜார்ஜ் ஹே தொகுத்த இன்னொரு நெக்ரோநோமிக்கான் வந்தது. அதன் நீண்ட முன்னுரை காலின் வில்சனுடையது. நமக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 'அவுட்சைடர்' படித்துவிட்டு வேலையை விட்டவர்களை நான் அறிவேன். அந்த வில்சன்தான், லவ்கிராஃப்டின் தகப்பனார் ஃப்ரீமேசன் என்றும், ஜான் டீயின் சங்கேதச் சுவடியைக் கம்ப்யூட்டர் கொண்டு உடைத்தால் இந்நூல் கிடைத்தது என்றும் ஆராய்ச்சிக் குரலில் எழுதினார். மந்திரப் பகுதியை இயற்றியவர் ராபர்ட் டர்னர்.

கற்பனை செய்யக்கூடாதென்று நான் சொல்லவில்லை. போர்ஹெஸ் இல்லாத புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதினார். வாசகனைக் கதை என்ற வாசலில் நிற்கவைத்துத்தான் எழுதினார். 1978-இல் பீட்டர் கரோல் போன்றவர்கள் தொடங்கிய கேயாஸ் மந்திரக்காரர்கள்கூட, தெய்வம் கட்டுக்கதைதான், நம்பிக்கை ஒரு கருவி, அது வேலை செய்தால் போதும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். எனக்கு அது அசட்டுத்தனமாகப் படுகிறது, ஆனால் மோசடி இல்லை. வில்சன் செய்தது வேறு. மனிதனின் பிரக்ஞை விழித்துக்கொள்ள வேண்டும் என்று இருபது வருஷம் எழுதிய கையால், வாசகன் தூங்குவதற்குப் பாய் விரித்துக் கொடுத்தார். அவர் மீது வைத்திருந்த மரியாதையை அதற்குப் பிறகு எங்கே வைப்பதென்று எனக்கு விளங்கவில்லை.

1984-இல் அவர் ஒப்புக்கொண்டார். எல்லாம் வேடிக்கைக்காகச் செய்தது, எப்படிச் செய்தோம் என்றெல்லாம் விவரித்து ஒரு கட்டுரை. வந்தது 'கிரிப்ட் ஆஃப் குதுல்ஹு' என்ற லவ்கிராஃப்ட் அன்பர்களின் சிறுபத்திரிகையில். அதற்குள் புத்தகம் மலிவுப் பதிப்பாக ரயில்வே ஸ்டேஷன் வரை போய்விட்டது. 1995-இல் அதே குழுவிலிருந்து இரண்டாம் பாகமும் வந்தது.

இதையெல்லாம் ஹஜ்ரத்திடம் சொன்னபோது அவர் வில்சனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. 666 தோல் பிரதிகள் என்பதில் நின்றுவிட்டார். அவருடைய தகப்பனார் தோல் ஷாப்பில் கணக்கெழுதியவர்.

"என்ன தோல்?" என்றார்.