டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் முனையம், நியூயார்க்

நியூயார்க்கில் இன்று ஜான் எஃப். கென்னடி பெயரால் வழங்கும் பன்னாட்டு வானூர்தி நிலையத்தில், டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் முனையம் 1962 இல் திறக்கப்பட்டது. சிறகு விரித்த பறவை போன்ற அதன் கற்காரைக் கூரையை வடிவமைத்த ஈரோ சாரினென் அதற்கு முந்தைய ஆண்டே காலமானார்.

1950களில் இம்முனையம் திட்டமிடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் சிறியவை. 1970 இல் சேவைக்கு வந்த போயிங் 747, முந்தைய போயிங் 707 ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு பயணிகளை ஏற்றியது. கூடங்களில் நெரிசல் மிகுந்தது. வளைந்த கூரைக் கட்டடத்தை எளிதில் விரிவாக்கவும் இயலவில்லை.

1994 இல் நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்ட முனையம், 2001 இல் நிறுவனத்தின் முடிவோடு மூடப்பட்டது. 2019 முதல் தங்கும் விடுதியாக இயங்குகிறது. அங்கு நிறுத்தப்பட்டுள்ள பழைய லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம், முனையம் திட்டமிடப்பட்ட காலத்து விமானங்களின் அளவைக் காட்டுகிறது.